வாசலிலிருந்து வாசல்வரை: ரயிலா, விமானமா?

சென்னையிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டும் என்றால் இன்று நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். செல்போனில் ரயில் கட்டணத்தைப் பார்ப்பார்கள், விமானக் கட்டணத்தைப் பார்ப்பார்கள், "மூவாயிரம் ரூபாய் கூடப் போட்டால் முப்பது மணி நேரம் மிச்சம்" என்பார்கள், விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் உள்ள இரண்டு எண்களுமே அரைகுறையானவை. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் தொகைக்கு மேலும் பயணத்துக்குச் செலவு உண்டு. கால அட்டவணையில் உள்ள நேரத்துக்கு வெளியிலும் பயணம் நடக்கிறது. வீட்டு வாசலில் செருப்பு மாட்டிய நிமிடத்திலிருந்து, போய்ச் சேரும் வாசலில் அதைக் கழற்றும் நிமிடம்வரை கணக்குப் போட்டால் பல ஊர்களுக்கு விடை மாறிவிடுகிறது. சில ஊர்களுக்கு மாறுவதில்லை.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்வோம். சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குப் புறப்படுகிறது. சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் விடியலில் புது டெல்லியில் நிற்கிறது. ஏறத்தாழ 33 மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. இப்படி வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் அந்த 33 மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு இரவு, ஒரு பகல். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, வீட்டில் ராச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர், ஞாயிறு காலை காபி நேரத்துக்கு டெல்லியில் இருப்பார். அவருக்குச் செலவானது சனிக்கிழமைப் பகல் ஒன்றுதான். விமானத்தில் போகிறவர் என்ன செய்கிறார்? வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார், பறக்கிறார், இறங்கிப் பெட்டிக்குக் காத்திருக்கிறார், டெல்லி நெரிசலில் டாக்சி பிடிக்கிறார். ஏழு மணி நேரம், விழித்திருக்கும் பொழுதில், போய்விடுகிறது. ஆக, உண்மையான வித்தியாசம் முப்பது மணி நேரம் ஆகாது. ஒரு முழுப் பகலுக்கும், அரைப் பகலைவிடச் சற்றுக் கூடுதலான பொழுதுக்கும் உள்ள இடைவெளிதான் அது.

பகலை எண்ண வேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று அதே தடத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வாரம் இரு நாள் செல்லும் ராஜதானி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸைவிட நான்கைந்து மணி நேரம் வேகமானது. ஆனால் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி மறுநாள் முற்பகலில் ஹஸ்ரத் நிஜாமுதீன் சேர்கிறது. ஒரு முழுப் பகலும் மறுநாள் காலையின் பாதியும் வண்டியிலேயே கழிகின்றன. மெதுவான வண்டி நம்மிடம் எடுத்துக்கொள்ளும் பகல், வேகமான வண்டி எடுத்துக்கொள்வதைவிடக் குறைவு. நேர அட்டவணையில் 'பயண நேரம்' என்ற பத்தியை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

இதில் ஒரு நேர்மையான ஆட்சேபம் உண்டு. ஓடும் வண்டியில் எல்லோருக்கும் தூக்கம் வராது. கதவோரப் பெர்த் கிடைத்தால் ராத்திரி முழுக்கக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். சைடு பெர்த்தில் உயரமானவர் காலை நீட்ட முடியாது. நள்ளிரவில் ஏறும் கூட்டம் விளக்கைப் போட்டுத் தன் பெர்த்தைத் தேடும். இரண்டு இரவு இப்படிப் போனால் மூன்றாம் நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். அவர்களுக்கு இந்த இரவுக் கணக்கு பொருந்தாது. ஆனால் தேர்ட் ஏசியில் ஒரு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, கூடூர் வருவதற்குள் குறட்டை விடுகிறவர்களும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிறார்கள்.

டெல்லியை விட்டு மதுரைக்கு வருவோம். இங்கேதான் பலர் யோசிக்காமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் பாதையில் சுமார் 490 கிலோமீட்டர். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போகிறது. பெரம்பூரில் குடியிருக்கும் ஒருவர் அந்த விமானத்தைப் பிடிக்க மீனம்பாக்கம் போக வேண்டும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதால், இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருப்பது நல்லது. மதுரையில் இறங்கினால் விமான நிலையம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. பெரியார் நிலையம் பக்கம் வர ஆட்டோவோ டாக்சியோ பிடிக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம். காலை ஆறு மணிக்கு எழும்பூரில் கிளம்பும் தேஜஸ், பன்னிரண்டேகாலுக்கெல்லாம் ஊர் நடுவில் உள்ள மதுரை சந்திப்பில் இறக்கிவிடுகிறது. வித்தியாசம் ஒன்றிரண்டு மணி நேரம். கட்டண வித்தியாசம் ஆளுக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாது. நாலைந்து நாள் முன்னால் பார்த்தால் இன்னும் மேலே போகும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றால் இந்த ஒப்பீடே வேறு. இரவு சாப்பிட்டுவிட்டு ஏறுகிறோம், விடியும்போது மதுரையில் இருக்கிறோம். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய எதுவுமே செலவாகவில்லை. ஒரு கல்யாணத்துக்கோ கோர்ட் வாய்தாவுக்கோ போகிறவருக்கு லாட்ஜ் வாடகையும் மிச்சம். விமானத்தில் முந்தின நாள் மாலையே போய் இறங்கினால் ஓர் இரவு தங்குவதற்கு ஆயிரத்துக்கு மேல் வைக்க வேண்டும். இந்தத் தொகையை விமான டிக்கெட்டின் விலையோடு சேர்த்து யாரும் பார்ப்பதில்லை.

தெற்கே போகப்போக ரயிலின் பக்கம் இன்னும் வலுக்கிறது. திருநெல்வேலிக்கு விமான நிலையம் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையம் என்று சொல்லப்படுவது வாகைகுளத்தில் இருக்கிறது, அங்கிருந்து நெல்லைக்குக் காரில் வர வேண்டும். நாகர்கோவில்காரர் திருவனந்தபுரத்தில் இறங்கி எல்லை தாண்டி வர வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடும்போது அந்தச் சுற்று எதற்கு?

கோயம்புத்தூர் மட்டும் வேறு மாதிரி. பீளமேட்டு விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. காலையில் போய், நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு, இரவே சென்னை திரும்ப வேண்டிய வியாபாரிக்கு விமானத்தை விட்டால் வழியில்லை. வந்தே பாரத்தில் போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம் என்றால் வேலை பார்க்கப் பொழுது எங்கே இருக்கிறது? அன்றே போய் அன்றே திரும்பும் பயணங்களில் விமானத்தை மிஞ்ச இன்றைய நம் ரயில்களால் முடியாது. இதை ரயில் பிரியர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உலகத்தில் ரயில் ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: ரயில் நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஜனங்கள் விமானத்தை விட்டு ரயிலுக்கு வந்துவிடுவார்கள். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் இரண்டரை மணி நேரத்தில் போய்விடுகிறது, அந்தத் தடத்தில் ரயிலே ராஜா. அதே டோக்கியோவிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் உள்ள ஃபுகுவோகாவுக்குப் பெரும்பாலோர் பறக்கிறார்கள். பிரான்ஸ் ஒரு படி மேலே போய், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தையே 2023-இல் தடை செய்தது. ஆனால் இவையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து போகும் பகல் ரயிலை மனதில் வைத்துச் சொன்னவை. நம் நாட்டில் படுக்கை ரயில் இன்னும் உயிரோடு இருப்பதால் நமக்கு இரண்டாவது கணக்கு ஒன்றும் இருக்கிறது. எட்டிலிருந்து பத்து மணி நேர இரவுப் பயணத்திலும் ரயில்தான் ஜெயிக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் கைவிட்டுவிட்டு இப்போது திரும்பக் கொண்டுவரப் பாடுபடும் சேவை இது. நம்மிடம் அது தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி பணம். சென்னை-டெல்லிக்கு ஸ்லீப்பர் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். தேர்ட் ஏசி இரண்டாயிரத்துச் சொச்சம். செகண்ட் ஏசி மூவாயிரம் அளவில் வரும். விமானம், நல்ல நாளில் முன்கூட்டியே எடுத்தால் ஐந்தாயிரம், ஆறாயிரம். தீபாவளிக்கு முந்தின வாரம் அதே இருக்கை பதினைந்தாயிரத்தைத் தொடும். தனியாளுக்கு இந்த வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருக்கலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடப் பாட்டி என்று ஐந்து பேர் கிளம்பும்போதுதான் அது கழுத்தைப் பிடிக்கிறது. ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தனிப் பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை, பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட் போதும். விமானத்தில் இரண்டு வயது நிறைந்துவிட்டால் ஓர் இருக்கைக்குரிய கட்டணம்.

லக்கேஜ் இன்னொரு செலவு. உள்நாட்டு விமானத்தில் சாதாரணக் கட்டணத்துக்கு 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். ரயிலில் ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ, செகண்ட் ஏசியில் 50 கிலோ. டெல்லியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் அம்மாவுக்கு இது வெறும் எண் இல்லை. இட்லி அரிசி, உளுந்து, சாம்பார்ப் பொடி, வடகம், அப்பளம், பேரனுக்கு முறுக்கு என்று கட்டியதையெல்லாம் செக்-இன் கவுன்ட்டர் எதிரே தரையில் பிரித்துப்போட்டு, பெட்டியிலிருந்து கைப்பைக்கும் கைப்பையிலிருந்து பெட்டிக்கும் மாற்றிக்கொண்டிருக்கும் தாய்மார்களை எந்த விமான நிலையத்திலும் பார்க்கலாம். மிளகாய் ஊறுகாய் கைப்பைக்குள் போகாது என்று எடுத்து வைத்துவிடுவார்கள். கூடுதல் கிலோவுக்குக் கட்டணம் கட்டினால், கொண்டுபோகும் அரிசியின் விலையைவிட அது அதிகமாகிவிடும்.

சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் வீட்டுப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஒரு பகலைச் சமாளித்துவிடும். ரயில் நீர் பாட்டில் 14 ரூபாய். பேன்ட்ரி காரில் வருகிற சாப்பாட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெந்தும் வேகாத சோறு, தண்ணீராக ஓடும் பருப்பு, விலைப்பட்டியலைக் காட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊழியர் என்பது பல வண்டிகளில் இன்றும் தொடரும் அனுபவம். விமான நிலையத்தில் ஒரு காபியும் ஒரு சமோசாவும் முந்நூறைத் தாண்டிக்கொண்டிருந்தன. பயணிகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் 'உடான் யாத்ரி கஃபே' திறக்கப்பட்டு, பத்து ரூபாய்க்குத் தேநீரும் இருபது ரூபாய்க்குச் சமோசாவும் கிடைக்கத் தொடங்கின. நல்ல காரியம். எல்லா விமான நிலையங்களுக்கும் வர வேண்டிய காரியம்.

ரயில் மலிவு என்று சொல்லும்போது ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் கட்டணமாக வசூலிக்கிறோம் என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்து வைத்திருக்கிறது. மீதியை நிலக்கரியும் இரும்புத்தாதுவும் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்களின் வருமானம் ஈடுகட்டுகிறது. ஆகவே ஸ்லீப்பர் டிக்கெட்டின் விலை சந்தை விலை கிடையாது. அது பொதுப்பணத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து கட்டிக்காக்கும் விலை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ரயில்வே மெல்ல மெல்ல அந்த இடத்திலிருந்து நகர்கிறது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பரிலிருந்து, பத்து சதவீத இடங்கள் விற்க விற்கக் கட்டணமும் பத்துப் பத்து சதவீதமாக ஏறுகிறது. கடைசி இடங்களை வாங்குகிறவர் 1.4 மடங்கு கொடுக்கிறார். பிரீமியம் தட்கல் என்பதும் இதே ரகம். விமானக் கம்பெனியின் விலைத் தந்திரத்தை எடுத்துக்கொண்ட ரயில்வே, விமானக் கம்பெனி தரும் நிச்சயத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மலிவு என்பதே ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்குத் திருப்பூரில் வேலை பார்க்கும் அசாம் தொழிலாளியின் கணக்கைப் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நாட்டிலேயே மிக நீண்ட ரயில் தடம் இதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகத்தான் போகிறது. முழுத் தூரத்துக்கு மூன்று நாளைக்கு மேல் ஆகும். ஸ்லீப்பர் டிக்கெட் ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் நாள் கூலி எழுநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாளில் இரண்டாயிரத்து நூறு ரூபாய் கூலி போகிறது, வழியில் சாப்பாட்டுக்கு அறுநூறு, எழுநூறு. போக வர இதைப்போல் இரண்டு மடங்கு. பதினைந்து நாள் லீவில் ஆறு நாள் வண்டியிலேயே கழிந்துவிடுகிறது. முன்கூட்டியே எடுத்தால் ஆறாயிரம், ஏழாயிரத்துக்குக் கிடைக்கும் விமான டிக்கெட் அவருக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. கோயம்புத்தூர், சென்னை விமான நிலையங்களில் முதுகில் ஒரே ஒரு பையோடு நிற்கும் இளம் தொழிலாளர்களின் வரிசையை இப்போதெல்லாம் பார்க்க முடிகிறது. அவர்கள் ஆடம்பரத்துக்காக வரவில்லை. கூலிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த முன்பணமும் இல்லாதவர்கள் பொதுப்பெட்டியில் கழிவறை வாசலில் உட்கார்ந்து போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் 'ரயிலா, விமானமா' என்ற கேள்வியே இல்லை.

இதுவரை பார்த்ததில் ரயிலின் தட்டு பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கிறது. ஆனால் நான் சொன்ன நன்மைகள் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: கையில் கன்ஃபர்ம் ஆன பெர்த் இருக்க வேண்டும். அங்கேதான் ரயில் தோற்கிறது.

முன்பதிவு 120 நாளைக்கு முன்பே திறந்த காலம் போய், 2024 நவம்பரிலிருந்து 60 நாள் ஆகிவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குச் செல்போனோடு தயாராக இருக்க வேண்டும். பாண்டியனும் நெல்லையும் பொதிகையும் சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். அதை விட்டால் தட்கல்: ஏசி வகுப்புக்கு முந்தின நாள் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளைத் தள்ளி நிறுத்தியது சரியான நடவடிக்கை. சார்ட் பல மணி நேரம் முன்பே தயாராவதும் நல்லதே, கடைசி நேரத்தில் பெட்டியோடு ஸ்டேஷனில் தவிக்க வேண்டாம். ஆனால் பத்துப் பேருக்கு ஒரு பெர்த் என்ற நிலையில் வரிசையை எப்படி ஒழுங்குபடுத்தினாலும் ஒன்பது பேர் வெளியேதான் நிற்பார்கள். ஆர்ஏசி கிடைத்தவர் பாக்கியவான் என்கிறோம். முன்பின் தெரியாத இருவர் ஒரே சைடு லோயரில் இரவு முழுக்கக் கால்மாட்டில் தலை வைத்து ஒடுங்கிக் கிடப்பதற்குப் பெயர் பாக்கியம் என்றால், நம் எதிர்பார்ப்பு எவ்வளவு தேய்ந்துபோயிருக்கிறது!

விமானத்தில் இந்தக் கவலை இல்லை. பணம் இருந்தால் பெரும்பாலும் இடம் உண்டு. இதன் மதிப்பு சாதாரண நாளில் தெரியாது. ஊரில் பெரியவர் தவறிவிட்டார் என்று காலை பத்து மணிக்குப் போன் வரும்போது தெரியும். டெல்லியில் இருக்கும் மகன் மறுநாள் எடுப்பதற்குள் கும்பகோணம் வந்து சேர வேண்டும். அன்றைய ரயிலில் இடம் கிடையாது, கிடைத்தாலும் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம், அங்கிருந்து கார் என்று வந்துவிட்டால், ஃப்ரீசர் பாக்ஸில் வைத்துக் காத்திருக்கும் வீட்டுக்கு விடிவதற்குள் போய் முகம் பார்த்துவிடலாம். வெளியூரில் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு விமானம் செய்திருக்கும் மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில்தான் விமானக் கட்டணம் உச்சத்தில் நிற்கிறது. துக்க வீட்டுக்குப் போகிறவரும் சுற்றுலாவைக் கடைசி நேரத்தில் முடிவு செய்தவரும் கணினிக்கு ஒன்றுதான். நெருங்கிய உறவினரின் மரணத்துக்குப் போகிறவர்களுக்கு, சான்றிதழைப் பிறகு காட்டும் நிபந்தனையோடு கட்டணத்துக்கு ஒரு வரம்பு வைப்பது அரசால் முடியாத காரியம் இல்லை.

வயதானவர்கள் விஷயத்தில் விமானத்தின் பக்கம் நியாயம் கூடுதல். டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிட்டால், வாசலிலிருந்து இருக்கை வரை ஓர் ஊழியர் தள்ளிக்கொண்டு போய் விடுகிறார். பாதுகாப்புச் சோதனையில் தனி வழி, இறங்கும் ஊரிலும் அதே கவனிப்பு. ரயில் நிலையத்தில் என்ன நடக்கிறது? இரண்டே நிமிடம் நிற்கும் ஒரு நடுத்தர ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலி உள்ள அம்மாவை எஸ்-5 நிற்கும் இடம் என்று போர்டு காட்டிய இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வண்டி வருகிறது, பெட்டி வரிசை தலைகீழ். பத்துப் பெட்டி தூரம் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். படிக்கட்டு பிளாட்பாரத்துக்கு மேலே ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் தள்ளுகிறார்கள். ஏறிய பிறகு பார்த்தால் கொடுத்திருப்பது மிடில் பெர்த். எதிரே லோயர் பெர்த்தில் இருக்கும் பையன் நல்லவனாக இருந்தால் மாற்றிக்கொடுப்பான். ஒரு மூத்த குடிமகளின் இரவு, அந்தப் பையனின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது.

பெண்கள் தனியாகப் போவது பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2025 பிப்ரவரியில் கோவை-திருப்பதி இன்டர்சிட்டி வண்டியின் மகளிர் பெட்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண் தாக்கப்பட்டு, ஓடும் ரயிலிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். வயிற்றில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை. மகளிர் பெட்டி என்று எழுதி வைத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. நிறையப் பேர் இருக்கும் முன்பதிவுப் பெட்டியில் பெரும்பாலான பெண்கள் நிம்மதியாகப் பயணம் செய்கிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் ஒரு தகப்பன் தன் மகளுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தக் கூடுதல் ஆயிரங்களைக் கணக்கில் எழுதாமல் விட்டால், அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

தாமதம் இரண்டுக்கும் பொது. டிசம்பர், ஜனவரியில் வட இந்தியப் பனிமூட்டம் ரயிலையும் நிறுத்தும், விமானத்தையும் நிறுத்தும். ரயில் ஏறும் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்டு வாங்கலாம் என்ற விதி பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளுங்கள். விமானத்தில் நிச்சயம் இருக்கிறது என்று மேலே சொன்னேன், அதற்கும் எல்லை உண்டு. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணி நேரம் பற்றிய புதிய விதிகளுக்குப் போதிய முன்னேற்பாடு செய்யாததால், இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தாயின. உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் ஒரே கம்பெனி சறுக்கினால் நாடே தரையில் உட்கார வேண்டியிருக்கிறது. மற்ற கம்பெனிகளின் கட்டணம் தாறுமாறாக ஏறியது. அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த நாட்களில் கைகொடுத்தது ரயில்தான். ஓடும் வண்டிகளில் கூடுதல் பெட்டிகளை மாட்டினார்கள், சிறப்பு ரயில்களை விட்டார்கள். அவசரத்துக்குப் பெட்டி மாட்ட முடிந்தவர்களால் ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போதிய அளவு ஏன் மாட்ட முடியவில்லை என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும்.

புகை, சூழல் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அகலப் பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்ட நாட்டில், ஒரு பயணிக்கு ஆகும் கரிமத்தில் ரயிலுக்குப் பக்கத்தில்கூட விமானம் வர முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஓர் இரவில் போய்ச் சேரும் ஊருக்கு, கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தால், விமானம் வீண் செலவு. அன்றே திரும்ப வேண்டும், சாவுச் செய்தி, மூட்டு வலிக்காரர், கூலி இழப்பு என்ற நான்கு இடங்களில் விமானம் கொடுக்கும் காசுக்குத் தகும். டெல்லி மாதிரித் தூரத்துக்குத் தனியாள் விமானத்தில் போகட்டும். குடும்பமாக, மூட்டை முடிச்சோடு, பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் இரவு கிளம்பும் ரயிலைத் தேர்ந்தெடுத்தால் இழப்பது ஒரு பகல், மிஞ்சுவது பல ஆயிரம்.

ரயில்வேயிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. வேகத்துக்காகவும் பளபளப்புக்காகவும் செலவிடுவதற்கு முன், இரவு வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏசி பெட்டி மாட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள், ஏசி தனியாக வரட்டும். அறுபது வயதைத் தாண்டியவர் பெயரில் போட்ட டிக்கெட்டுக்கு லோயர் பெர்த்தை உறுதி செய்யுங்கள். அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை, கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றத்தில் பலமுறை கேட்டும் அது திரும்ப வரவில்லை. அதை முதலில் திருப்பிக் கொடுங்கள்.